கேமரா கிரிப் பிசுபிசுன்னு ஒட்டுதா? தின்னரைக் கையில் எடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் போதும், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் கல்யாண மண்டபங்கள் மறுபடியும் களைகட்டிவிடும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், பல போட்டோகிராபர்களின் இரண்டாவது கேமரா, பழைய லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் அந்த ஒரு மாதமும் பையை விட்டே வெளியே வந்திருக்காது. முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி பையைத் திறந்து கேமராவைப் பிடித்தால், உள்ளங்கையில் ஏதோ ஒட்டுகிற மாதிரி இருக்கும். துடைத்தால் துணியே ஒட்டிக்கொள்ளும். கர்சீப்பின் நூல் கிரிப்பில் அப்படியே நிற்கும்.

உடனே கைக்கு எட்டுவது என்ன? வீட்டில் பெயின்ட் அடித்து மிச்சமான தின்னர். இல்லையென்றால் நெயில் பாலிஷ் ரிமூவர். அதுவும் இல்லையென்றால் சானிடைசர், பெட்ரோல், தேங்காய் எண்ணெய். இதில் முதல் இரண்டும் சில நொடிகளில் கேமரா பாடியைப் பாழாக்கிவிடும். எழுத்துகள் அழியும், பிளாஸ்டிக் மங்கும், சில இடங்களில் இளகவும் செய்யும். அப்புறம் சர்வீஸ் சென்டரில் கொடுத்தாலும் பாடி கவரையே மாற்றத்தான் சொல்வார்கள். தவணையில் வாங்கிய கேமராவுக்கு, தவணை முடிவதற்குள் இந்த நிலைமை வரக்கூடாது இல்லையா?

பிசுபிசுப்பு எல்லாம் ஒரே பிசுபிசுப்பு கிடையாது. எது ஒட்டுகிறது என்று தெரியாமல் துடைக்க ஆரம்பிப்பதுதான் பிரச்சினையே.

ஒட்டுவது என்ன? கண்டுபிடிப்பது எப்படி?

கேமராவில் ஒட்டும் விஷயங்களைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம்.

முதலாவது சர்க்கரை. கல்யாண வீட்டில் வரவேற்பில் நிற்கும்போது யாரோ கை தட்டிக் கொட்டிய ஜூஸ், பந்தியில் ஜிலேபி சாப்பிட்ட கையோடு 'கொஞ்சம் காட்டுங்க, பார்க்கலாம்' என்று கேமராவை வாங்கிப் பார்த்த மாமா. இதெல்லாம் தண்ணீரில் கரையக்கூடியவை. விரலை லேசாக நனைத்து அந்த இடத்தில் தேய்த்தால் கரைந்து வழுக்கும். இதற்கு எந்தக் கெமிக்கலும் வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டு இல்லாமல் பிழிந்த துணியே போதும். சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. அதனால் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துவிட்டு 'போகவே மாட்டேங்குது' என்று தலையில் கை வைப்பவர்கள் உண்டு. முதலில் தண்ணீர்.

இரண்டாவது பசை. டேப், ஸ்டிக்கர், ஸ்கிரீன் கார்டு ஒட்டிய இடத்தில் மிச்சமாகும் கோந்து. இதற்கு ஒரு எல்லை இருக்கும். டேப் ஒட்டிய அளவுக்கு மட்டும் கோடு போட்ட மாதிரி ஒட்டும். விரலால் உருட்டினால் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வரும்.

மூன்றாவதுதான் சிக்கலானது. கிரிப்பே ஒட்டும். பின்பக்க மூடி முழுக்க ஒட்டும், அல்லது பட்டன்களைச் சுற்றி இருக்கும் ரப்பர் மாதிரியான பகுதி முழுக்க ஒட்டும். எல்லையே இருக்காது, அந்தப் பாகம் மொத்தமும் ஒரே மாதிரி பிசுபிசுக்கும். நகத்தால் லேசாகக் கீறினால் தடம் பதியும். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்பாக மை மாதிரி வரும். இது வெளியிலிருந்து வந்த அழுக்கே இல்லை. கேமராவின் மேல் பூசியிருந்த பூச்சு உருக்குலைந்து, அதுவே பசையாகிக்கொண்டிருக்கிறது.

அழுக்கு என்று நினைத்து இதைத் துடைத்தால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கும். ரெண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒட்டும்.

ரப்பர் ஏன் பசையாகிறது?

கையில் பிடிக்க மெத்தென்று இருக்க வேண்டும், வேர்வையில் வழுக்கக் கூடாது என்பதற்காக 1990களில் இருந்து பல பொருட்களின் மேல் ஒரு மென்மையான பூச்சு பூச ஆரம்பித்தார்கள். கேமரா, பைனாகுலர், லேப்டாப், காரின் டேஷ்போர்டு பட்டன், குடைக் கைப்பிடி என எல்லாவற்றிலும் இது உண்டு. இதில் பெரும்பாலும் இருப்பது பாலியூரித்தேன் வகை பிளாஸ்டிக். காற்றில் இருக்கும் ஈரம் இதற்குள் புகுந்து, நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. நீராற்பகுப்பு என்று பள்ளிக்கூட வேதியியலில் படித்திருப்போம், அதேதான். வெட்டுப்பட்டதில் உண்டாகும் அமிலம் அடுத்த வெட்டைச் சீக்கிரமாக்குகிறது. அதனால் தொடங்கிவிட்டால் வேகம் கூடுமே தவிரக் குறையாது. வெயிலும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

பீரோவில் பத்திரமாக வைத்திருந்த ஷூவை நாலைந்து வருஷம் கழித்து எடுத்துப் போட்டால், நாலு அடி நடப்பதற்குள் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிரும், பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இதே வேலைதான். அங்கே உதிர்கிறது, இங்கே ஒட்டுகிறது.

சில கிரிப்களில் வேறொன்று நடக்கிறது. ரப்பரை இளக்கமாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள், வருஷங்கள் போகப் போக மேலே கசிந்து வருகிறது. அது பிசுபிசுப்பாகவும் வரலாம். சில ரப்பர்களில், சேர்த்த மெழுகு போன்ற பொருட்கள் வெள்ளையாகப் பூத்த மாதிரியும் வரலாம். வெள்ளையைப் பார்த்ததும் பூஞ்சை என்று பயப்படுவோம். எல்லா வெள்ளையும் பூஞ்சை இல்லை.

பிலிம் கேமரா காலத்து ஆட்களுக்கு இது பழகிய கதை. நிக்கான் எஃப்90, எஃப்100 மாடல்களின் பின்பக்க மூடி ஒட்டுவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். யாஷிகா, பென்டாக்ஸ் போன்ற 70, 80களின் கேமராக்களில் வெளிச்சம் உள்ளே புகாமல் இருக்க மூடியின் ஓரத்தில் ஃபோம் ஒட்டியிருப்பார்கள். இன்றைக்கு அதைத் தொட்டால் தார் மாதிரி கையில் வரும். 80களின் கடைசியில் வந்த கேனான் இஓஎஸ் பிலிம் கேமராக்கள் சிலவற்றில் ஷட்டருக்குள் வைத்த சின்ன ஃபோம் துண்டு உருகி, ஷட்டர் தகடுகளிலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்றும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு பாகம். ஆனால் வியாதி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கோவை காற்றுக்கு என்ன சம்பந்தம்?

கோவை நகரம் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவத்தில் கேரளத்தில் கொட்டுகிற அளவுக்கு இங்கே கொட்டாது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஈரக்காற்று ஊதிக்கொண்டே இருக்கும். சாரல், மேகமூட்டம், துணி காயாத நாட்கள். வெயிலே காட்டாமல் பைக்குள் இருக்கும் கேமராவுக்கு இந்த ஈரமே போதும். அதன் பிறகு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வேறு. மார்ச், ஏப்ரலில் நேர்மாறாக, பூட்டிய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும் சூடு. ஈரம் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம் என்று வருஷம் முழுக்க அடி வாங்குகிறது.

ஆடி மாதம் ஒன்றே கேமராவைக் கெடுத்துவிடாது. இது பல வருஷ வேலை. தினமும் கையில் இருக்கும்போது கவனிக்க மாட்டோம். ஒரு மாதம் விட்டு எடுக்கும்போதுதான் உறைக்கும்.

வால்பாறை பக்கம் இருவாச்சி, சிங்கவால் குரங்கு எடுக்கப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் ஈரம் எகிறும். அது தெரிந்த விஷயம். தெரியாத விஷயம், அட்டைக்கும் கொசுவுக்கும் கையில் தடவுகிற விரட்டி. அதில் 'டீட்' என்ற ரசாயனம் இருந்தால், பல பிளாஸ்டிக்குகளையும் பூச்சுகளையும் அது இளக்கிவிடும். தடவின கையோடு கேமராவைப் பிடித்தால் விரல் ரேகை கிரிப்பில் பதிந்துவிடும், அப்புறம் அது துடைத்துப் போகாது. புறங்கையால் தடவுங்கள், அல்லது தடவிய பிறகு உள்ளங்கையை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பிசுபிசுப்பில் போன படங்கள்

ஒரு சின்ன கிளைக்கதை, கோவைக்காரர்களுக்காக. 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டியவர் கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். அவர் 1914-ல் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டரின் பெயரில்தான் இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. 1930களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அங்கேதான் உருவானது. பிறகு ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோஸ், 1954-ல் 'மலைக்கள்ளன்'.

1950களின் தொடக்கம் வரை சினிமா பிலிம் என்றால் பெரும்பாலும் நைட்ரேட் பிலிம். அது கெட ஆரம்பித்தால் முதலில் படம் மங்கும், அடுத்து மேற்பரப்பு பிசுபிசுவென்று ஒட்டும், பிறகு சுருள் மொத்தமும் ஒரே கட்டியாகி, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். தீப்பிடித்தால் அணைப்பதும் கஷ்டம். அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். சுருள் ஒட்ட ஆரம்பித்துவிட்டால் பிரதி எடுக்க அதிக அவகாசம் கிடையாது.

இந்தக் கதை உங்கள் வீட்டு பீரோவிலும் இருக்கலாம். டேப்பில் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசையிலும் பாலியூரித்தேன் உண்டு. 1970, 80களில் வந்த ஒலிப்பதிவு டேப்கள் பல ஈரத்தில் இளகி, ஓட்டும்போது கிறீச்சிட்டு, ஹெட்டில் ஒட்டிக்கொண்டு உரிந்தன. அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட் இருந்தால், 'ஓடுதான்னு பார்க்கலாம்' என்று பழைய டெக்கில் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப்பின் ஓரத்தில் வெள்ளை படிந்திருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைக்கு அப்படியே கொடுங்கள். கவரோடு ஒட்டிப்போன நெகட்டிவ்வையும் பிய்க்க வேண்டாம். கேமராவைத் துடைக்கச் சொல்லப்போகும் எதையும் பிலிமிலோ டேப்பிலோ முயற்சி செய்யவே கூடாது.

சரி, எதை வைத்துத் துடைப்பது?

பசைக்கும், உருக்குலைந்த பூச்சுக்கும் பெரும்பாலும் பயன்படுவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 'ஐபிஏ' என்று கேட்டால் போதும். செல்போன் சர்வீஸ் செய்கிறவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதேதான். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடை, லேப் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். 70 சதவீதம், 99 சதவீதம் என்று வரும். 70-ல் மீதி தண்ணீர். பட்டன், டயல் பக்கத்தில் துடைக்க 99 நல்லது, சீக்கிரம் ஆவியாகிவிடும்.

சானிடைசர் ஏன் கூடாது? அதிலும் ஆல்கஹால்தானே இருக்கிறது? இருக்கிறது. கூடவே கை வறண்டு போகாமல் இருக்க கிளிசரினும், ஜெல்லாக நிற்க வேறு பொருளும் இருக்கும். ஆல்கஹால் பறந்துவிடும், இவை தங்கிவிடும். பிசுக்கைத் துடைக்கப் போய் வேறு பிசுக்கைப் பூசிய கதை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் விளக்கெண்ணெய் மாதிரியான பொருட்கள் சேர்ந்திருக்கும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் அது கேமரா பாடியின் பிளாஸ்டிக்கையே கரைக்கும். தின்னரும் அப்படித்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம், தீ ஆபத்து ஒரு பக்கம், எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் இன்னொரு பக்கம். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. அது உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும்.

டால்கம் பவுடர்? போட்டதும் ஒட்டுவது நின்ற மாதிரி இருக்கும். அவசரத்துக்கு, நாளைக்குக் காலையில் முகூர்த்தம் என்றால், துணியில் கொஞ்சூண்டு தொட்டு கிரிப்பில் மட்டும் தடவலாம். ஆனால் பொடி டயல் இடுக்குக்குள் போய் உட்காரும். லென்ஸ் கழற்றியிருக்கும்போது பவுடர் டப்பாவே பக்கத்தில் இருக்கக்கூடாது.

கிரிப்பைத் துடைக்கும் முறை

முதலில் பேட்டரியையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றி, பாடிக்கும் லென்ஸுக்கும் மூடி போடுங்கள். சார்ஜர், யுஎஸ்பி மூடிகள் சரியாக மூடியிருக்கட்டும்.

அடுத்து இடம். ஐபிஏ-வின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக் கூடியது. அதாவது நம் ஊர் அறை வெப்பத்தில், எந்நேரமும். ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேன் ஓட, அடுப்பும் சாமி விளக்கும் ஊதுவத்தியும் இல்லாத அறையில் செய்யுங்கள். சிகரெட்டுக்கு இடமில்லை. கையுறை போட்டால் நல்லது, இல்லையென்றால் அந்தக் கறுப்பு நகக்கண்ணில் ரெண்டு நாள் இருக்கும்.

துணிக்கு அலைய வேண்டாம். திருப்பூரில் கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் இதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். வெள்ளையாகப் பார்த்து எடுங்கள். சாயத் துணி என்றால் ஆல்கஹாலில் சாயம் இறங்கி கேமராவில் ஏறும். இது பாடிக்கு மட்டும். லென்ஸ் கண்ணாடிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

ஆல்கஹாலைத் துணியில் ஊற்றுங்கள், கேமரா மேல் ஊற்றவோ ஸ்பிரே அடிக்கவோ கூடாது. துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. முதலில் அடிப்பக்கம் மாதிரி கண்ணில் படாத ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறுகிறதா, பிளாஸ்டிக் மங்குகிறதா என்று ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

பசையாக இருந்தால் ரெண்டு மூன்று துடைப்பில் வேலை முடிந்துவிடும். பூச்சு உருக்குலைந்திருந்தால் பொறுமை வேண்டும். துணி கறுப்பாகிக்கொண்டே வரும். கறுத்த பக்கத்தாலேயே தேய்த்தால் பசையை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். மடிப்பை மாற்றிக்கொண்டே இருங்கள். இடுக்குகளுக்குக் காட்டன் பட்ஸ், மூலைகளுக்குப் பல்குத்தும் குச்சியில் சுற்றிய துணி. ஒரு கட்டத்தில் பிசுபிசுப்பு போய், கீழே கெட்டியான, வழுவழுப்பான பிளாஸ்டிக் தெரியும். அங்கேதான் நிறுத்த வேண்டும். பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் பூச்சு மறுபடி இளகும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மெத்தென்ற பிடிமானம் போய்விடும். பூச்சின் மேல் அச்சடித்த எழுத்துகள் அதோடு போகும். இன்னும் வாரண்டி இருக்கிற கேமரா என்றால் நீங்களே இதைச் செய்யாதீர்கள், கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுங்கள்.

எங்கெல்லாம் ஐபிஏ கூடாது? மேலே எண்கள் தெரியும் சின்ன டிஸ்பிளேவின் ஜன்னல், சில மூடிகள் அக்ரிலிக்காக இருக்கும். ஆல்கஹால் பட்டால் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். பின்பக்கத் திரையிலும் பூச்சு உண்டு, அங்கே ஈரத்துணி போதும். தோல் ஒட்டிய பழைய கேமராவில் தோலின் நிறம் இறங்கலாம்.

கழற்ற முடிகிற ரப்பர் இன்னும் சுலபம். லென்ஸின் ஜூம் வளையத்தில் இருக்கும் ரப்பர் பட்டை பலவற்றில் வளையல் மாதிரி உருவி எடுக்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டிவிடலாம். தொளதொளவென்று ஆகியிருந்தால் புதுப் பட்டை வாங்கிப் போடுவதுதான் சரி. பாடி கிரிப் தனி ரப்பர் துண்டாக இருந்து, ஓரம் தூக்கிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான், டபுள் சைடு டேப்போடு புதுசு மாற்றிக்கொள்ளலாம். ஃபெவிகுயிக் மாதிரியான பசை வேண்டவே வேண்டாம். காயும்போது அதன் ஆவி பக்கத்தில் எல்லாம் வெள்ளையாகப் படியும்.

டேப் கறைக்கு நீலகிரித் தைலம்!

லைட் ஸ்டாண்ட், ட்ரைபாட் கால், ஃபிளாஷ் பேட்டரி டப்பா என்று எல்லாவற்றிலும் பெயர் எழுதி டேப் ஒட்டி வைப்பது நம்ம ஊர் வழக்கம். ஒரே மண்டபத்தில் மூன்று டீம் வேலை பார்க்கும்போது வேறு என்னதான் செய்வது? அவசரத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுவோம். வெயிலில் அதன் கோந்து இளகி, டேப் நகர்ந்து, கை வைக்கிற இடமெல்லாம் கறுப்பாகும்.

முதலில் கெமிக்கல் இல்லாத வழி. ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி டேப்பை மெதுவாக உரியுங்கள். மிச்சமான கோந்தின் மேல் புது டேப் துண்டை ஒட்டி ஒட்டிப் பிடுங்கினால் பாதி வந்துவிடும். பென்சில் ரப்பரும் நன்றாக வேலை செய்யும்.

அதற்கும் அசையாத கோந்துக்கு ஊட்டிக்குப் போய் வந்த வீட்டில் எல்லாம் ஒரு பாட்டில் இருக்குமே, அந்த நீலகிரித் தைலம். சளிக்கு ஆவி பிடிக்க வாங்கி வந்ததுதான். பிரிட்டிஷ்காரர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெய். அந்த மரத்தின் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவிலும் ஸ்டிக்கர் கறை எடுக்க வீடுகளில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பஞ்சில் நனைத்து கறை மேல் ரெண்டு நிமிஷம் வைத்துவிட்டுத் துடைத்தால் கோந்து கூழாகி வந்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீர்த் துணியால் எண்ணெயை எடுத்துவிடுங்கள். இது உலோகப் பாகங்களுக்கு மட்டும். சில பிளாஸ்டிக்குகளை இதுவும் இளக்கும், தீயும் பற்றும்.

தேங்காய் எண்ணெயும் கோந்தை இளக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ட்ரைபாட்டின் பூட்டுக்குள் எண்ணெய் இறங்கினால், நீட்டிய கால் நிற்காமல் சறுக்கும். அதன் உச்சியில் இருப்பது உங்கள் கேமரா.

லென்ஸ் கண்ணாடியில் பட்டுவிட்டால்?

கண்ணாடியில் ஒளி பிரதிபலிக்காமல் இருக்க மிக மெல்லிய பூச்சுகள் உண்டு. கீறல் விழுந்தால் வீட்டில் சரிசெய்ய வழியே இல்லை. அதனால் இங்கே வரிசை முக்கியம். முதலில் ரப்பர் புளோயரால் தூசியை ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தூசி போன பிறகுதான் துணி. லென்ஸ் கிளீனரை லென்ஸ் டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டு, நடுவில் இருந்து வட்டமாக ஓரத்துக்குத் துடையுங்கள். கண்ணாடி மேல் நேராக விட்டால் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். டேப் கோந்து பட்டிருந்தால் மட்டும் அதே முறையில் துளி ஐபிஏ.

கல்யாண வீட்டு ஓமப் புகையில் நெய்யும் கரியும் கலந்து லென்ஸ் மேல் லேசான படலம் படியும். கண்ணுக்குத் தெரியாது. மணமேடை விளக்கைச் சுற்றி வெள்ளையாகப் புகை மாதிரி படத்தில் விழும். பழைய லென்ஸின் கோளாறு என்று நினைத்துவிடாமல், முதலில் கண்ணாடியைச் சுத்தம் செய்து பாருங்கள். இதுவே உங்கள் செல்போன் கேமராவுக்கும் பொருந்தும். செல்போனின் டிரான்ஸ்பரன்ட் கவர் மஞ்சளாகி ஒட்ட ஆரம்பித்தால் அதைத் துடைத்துப் பயன் இல்லை, கவரை மாற்றுங்கள். அந்தப் பிசுக்குதான் விரல் வழியாக லென்ஸுக்குப் போகிறது.

லென்ஸுக்குள்ளே அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய், ஷட்டரில் ஒட்டல், ஷட்டர் பட்டன் அழுத்தினால் எழும்பாமல் நிற்பது, சென்சாரில் கறை, இவை நான்கும் வீட்டு வேலை இல்லை. பழைய பிலிம் கேமராவின் மூடி ஓரத்து ஃபோமை மட்டும் வேண்டுமானால் நீங்களே எடுக்கலாம். குச்சியும் ஐபிஏ-வும் போதும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துச் செய்யுங்கள், அந்தத் தார் உள்ளே விழுந்துவிடக் கூடாது. ஷட்டர் திரையைத் தொடவே கூடாது.

மறுபடி ஒட்டாமல் இருக்க

பைக்குள் வைப்பதை முதலில் நிறுத்துங்கள். பையின் ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிரை கேபினட் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், சிலிக்கா ஜெல். மீட்டர் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் காட்டினால் போதும். ஒரேயடியாக வறட்டவும் வேண்டாம். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால், ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

அரிசி டப்பாவில் போடுவது தவறு, மாவுத்தூசிதான் ஏறும். பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளைப் பதம் பார்க்கும், துணி பீரோவோடு நிற்கட்டும். ஆடியோ மார்கழியோ, வேலை இல்லாத மாதத்திலும் வாரம் ஒரு தடவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். வீட்டுக் குழந்தையைத்தான் எடுங்களேன்.

துடைத்த துணியை உடனே குப்பைக்கூடைக்குள் அமுக்காதீர்கள். வெளியே, தீ இல்லாத இடத்தில் விரித்துப் போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. கிரிப்பைக் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்துப் பாருங்கள். விரல் ஒட்டி விடுபடுகிறதா? டயல் இடுக்குகளில் வெள்ளைப் பொடி தெரிகிறதா, பவுடர் வாசம் அடிக்கிறதா? அடித்தால் யாரோ நேற்று ராத்திரி பவுடர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். பிலிம் கேமரா என்றால் பின் மூடியைத் திறந்து ஓரத்து ஃபோமைத் தொட்டுப் பாருங்கள், ஷட்டரைப் பத்துத் தடவை அடித்துப் பாருங்கள். ஒட்டுகிறது என்பதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை. வெளியே மட்டும் ஒட்டினால் ஒரு மத்தியானத்து வேலை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஷட்டர் ஒட்டினால் வந்த வழியே திரும்பி விடுங்கள்.